பாக்கியலெட்சுமி இடம் பிடித்த கதை

மெதகொட ஸ்டேஷனில் ரயில் தன் இஷ்டத்துக்கு வரும். பஸ் அப்படியல்ல, அது ரயிலின் இஷ்டத்துக்குப் போகும். பதுளைக்கு ஒரு ஸ்டேஷன் முந்தி, ஊர் முடிந்தும் முடியாமலும் கிடக்கிற இடம் அது. ஒரு பிளாட்பாரம், ஒரு டிக்கட் ஜன்னல், வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை, அதற்கப்பால் சக்கரங்கள் மிதித்து மிதித்துக் கெட்டியாகிப்போன ஒரு மண் வளவு. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற பஸ்கள் அந்த வளவில்தான் வந்து நிற்கும். கொழும்புப் பக்கமிருந்து ரயில் வந்து ஆட்களைக் கொட்டினால், ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மேல்பிரிவு பஸ் அவர்களை அள்ளிக்கொண்டு மலையேறும். ரயில் பிந்தினால் பஸ்ஸும் பிந்தும். ரயில் ரொம்பப் பிந்தினால் டிரைவர் புஹாரி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு தூக்கம் போட்டுவிடுவார். நேர அட்டவணை என்று ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நின்று படிப்பவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான்.

அந்த வளவுக்கென்று ஒரு சட்டம் உண்டு. பஸ் ஜன்னல் வழியாக ஒரு சாமானை உள்ளே போட்டால், அது எந்தச் சீட்டில் விழுகிறதோ அந்தச் சீட்டு போட்டவருக்கு. குடை, துண்டு, தொப்பி, பாண் ரொட்டி சுற்றிய பேப்பர், எதுவானாலும் சரி. அதைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொருவர் உட்காரக் கூடாது. போட்டவர் உடனே ஏறவேண்டும் என்றுகூட இல்லை. சாமானைப் போட்டுவிட்டுக் குறுக்குப் படியில் இறங்கி, சந்தியில் மரக்கறி வாங்கிக்கொண்டு அங்கே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பதுளை டவுனில் போய் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவரைக்கும் சீட்டு சும்மா கிடக்கும், ஆட்கள் பக்கத்தில் நின்றுகொண்டு வருவார்கள். ஒரு தடவை ஒரு பொலிஸ் சார்ஜன்ட், மூக்குச் சிந்திய கைலேஞ்சி ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றபடியே டவுன் வரை போனார். நாட்டுச் சட்டம் அவர் கையில் இருக்கலாம். வளவுச் சட்டத்தில் அவரும் ஒரு பயணிதான்.

இந்த வித்தையில் பாக்கியலெட்சுமியை அடித்துக்கொள்ள மேல்பிரிவிலேயே ஆள் இல்லை. கொழுந்து பறிக்கிற கை அல்லவா, வேகத்துக்குச் சொல்ல வேண்டுமா? பஸ் நிற்பதற்கு முன்பே அவள் குடை உள்ளே போயிருக்கும். தனக்காக மட்டும் பிடிக்கிறவளும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்று, முழங்கால் வலிக்காரிக்கு ஒன்று, டியூசனுக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிடித்துக் கொடுத்துவிட்டு, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கங்காணி மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டு வருவாள். "பாக்கியக்கா இருந்தா பயமில்ல" என்று தோட்டத்து வரிசை வீடுகள் கொண்ட லயமே சொல்லும். அதைக் கேட்டால் அவளுக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மனக்குறை. மகள் சுதர்ஷினிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், பார்க்க லட்சணமாக இருக்கிறாள், கொஞ்சம் வாய் இருக்கிறது. வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. போன வருஷம் பண்டாரவளையிலிருந்து ஒரு கூட்டம் பெண் பார்க்க வந்தது. சொன்ன நாளைக்கு ஒருநாள் முந்தி, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். பாக்கியம் அப்போது மலையில் கொழுந்துக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் யாரோ ஒருவருடைய பலாப்பழச் சாக்கு முட்ட, வழி முழுக்க நின்றுகொண்டு வந்து, வாந்தியெடுத்து, லயத்து வாசலைப் பார்த்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். பிறகு தரகர் வந்து, "எடம் தூரமாம்" என்றார்.

"தூரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்தம்மாவுக்கு உக்கார சீட்டு கெடைக்கல. அதான் விஷயம்" என்று பாக்கியம் முடிவு கட்டினாள்.

"சீட்டு இல்லம்மா. லயம்" என்றாள் சுதர்ஷினி. "லயத்துப் பொண்ணு வேணாம்னு போனாங்க. நீ வேற."

பாக்கியம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லயத்தை அவளால் மாற்ற முடியாது. சீட்டு என்றால் பிடிக்க முடியும். நம்மால் முடிகிற காரியத்தையே காரணமாக வைத்துக்கொள்வதில் ஒரு நிம்மதி இருக்கத்தானே செய்கிறது?

இப்போது அட்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் அஜந்தன், போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அம்மா தனலெட்சுமி இரண்டு தடவை போனில் பேசியிருந்தார். குரல் கணீரென்று இருந்தது. அப்பா, அம்மா, மாப்பிள்ளை, தாய்மாமன் என்று நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார்கள். சுதர்ஷினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. இவங்களும் மூஞ்சிய சுளிச்சிக்கிட்டுப் போனாங்கன்னா, இனிமே யாரு முன்னாலயும் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். அதுக்கப்புறம் என்னைக் கேக்கவே கூடாது."

சொன்னால் சொன்னதைச் செய்கிற பிள்ளை அது.

கணவன் கணபதி ஒரு வேன் பிடிக்கலாமே என்றார். நல்ல யோசனைதான். ஆனால் போன மழைக்குத் தேயிலை ஸ்டோருக்கு மேலே பாதி ரோட்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. வேனும் வராது, ஓட்டோவும் வராது. உயரமான பழைய பஸ் ஒன்றுதான் ஆடி அசைந்து ஏறும்.

"நாலு சீட்டு. ராசா மாதிரி உக்கார வச்சிக் கூட்டிட்டு வாரேன் பாருங்க" என்றாள் பாக்கியம்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும், மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் ஸ்டேஷனுக்கு இறங்கிவிட்டார்கள். அவ்வளவு வெள்ளெனப் போகவேண்டிய அவசியமே இல்லை. வளவில் ஒரு ஈ காக்கை கிடையாது. இரண்டு பஸ்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று புதுசாகப் பெயின்ட் அடித்தது, கண்ணாடியெல்லாம் இறுக்கி மூடியிருந்தது. மற்றது அவர்களுடைய பஸ். இடது பக்கத் தகரம் நசுங்கி ஒடுங்கியிருக்கும், முன்கண்ணாடியில் கதிர்காமத்து முருகன் படம் இருக்கும். பழைய முதலாளி ஒட்டிய படம் அது. பஸ்ஸை வாங்கிய ஜுனைதீன் முதலாளி அதைக் கழற்றவில்லை. அந்த ஏற்றத்தில் முருகன் இல்லாமல் ஏறப் பயணிகளுக்குத் தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும். வியாபாரி என்றால் சும்மாவா?

பாக்கியம் சேலையைச் சொருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். முதல் சீட்டுக்குக் குடை. அது சம்பந்தி ஐயாவுக்கு. இரண்டாவது சீட்டுக்குக் கணபதியின் தோளிலிருந்த துண்டை உருவினாள். அது மாப்பிள்ளைக்கு.

"வேட்டியையாச்சும் விட்டு வையி புள்ள" என்றார் கணபதி.

மூன்றாவது சீட்டுக்கு, மத்தியானக் கறிக்கென்று லொறிக்காரனிடம் வாங்கிய வெலிமடை லீக்ஸ் கட்டு போனது. அது தாய்மாமனுக்கு. நாலாவதுதான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, டிரைவருக்குப் பின்னால், ஆட்டம் குறைந்த சீட்டு. அதற்கு எதைப் போடுவது? லீக்ஸை மாற்றிப் போடலாமா என்று யோசித்தாள். சம்பந்தியம்மா ஆகப்போகிறவருடைய சீட்டில் லீக்ஸ் கிடந்தால் அது மரியாதையா? பாக்கியம் தன் கைப்பையையே எடுத்து, எறியாமல், எட்டி மெதுவாக வைத்தாள்.

"அதுக்குள்ள போன் இருக்கே?" என்றார் கணபதி.

"இருந்தா என்னா? பஸ்சு எங்க ஓடிறப் போவுது? கோச்சி வராம அது அசையாது. நீங்க இங்கனயே நின்னு பாத்துக்கோங்க. நான் ஸ்டேசனுக்குள்ள போயி நிக்கிறேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்குச் சறுக்குவது சேற்றில். பாக்கியத்துக்குச் சறுக்கியது பழகிய தரையில். பஸ்ஸின் நெற்றியில் ஒரு போர்டு இருக்கிறது, அதில் ஊர்ப்பெயரை மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை வாசிக்கப் பாக்கியத்துக்கும் தெரியும். ஆனால் சொந்த வீட்டுக்குள் போகிறவர்கள் கதவு இலக்கத்தைப் பார்த்துவிட்டா போகிறார்கள்? முருகன் இருந்தார், ஒடுக்கம் இருந்தது, அவளுக்கு அது போதும்.

பிளாட்பாரத்து வாங்கில் அவள் உட்காரவில்லை. சேலை கசங்கிவிடும். நின்றபடியே, என்ன சொல்லி வரவேற்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். "வாங்க வாங்க, பிரயாணமெல்லாம் சொகமா?" என்பது ஒன்று. "பஸ்சில எடம் போட்டிருக்கேன், அவசரப்படாம வாங்க" என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் பழகிப் பார்த்தாள். ரொம்பப் பெருமை காட்டக் கூடாது, கொஞ்சம் தெரிந்தால் போதும்.

வெயில் ஏறியது. ரயில் பிந்தியது. பிளாட்பாரத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். அப்போது கணபதி ஒரு கையில் பிளேன்டீயும் மறு கையில் பனிஸுமாக, ரொம்ப ஆறுதலாக நடந்து வந்தார்.

"ஒனக்கும் ஒன்னு வாங்கியாந்தேன். சூடா குடி."

"பஸ்சு?"

"அது திருப்பப் போயிருக்கு."

"எங்க திருப்ப?"

"திருப்பத்தான். சந்திப் பக்கம் போச்சு. திருப்பிக்கிட்டு வரும்."

இத்தனை வருஷத்தில் அந்தப் பஸ் எங்கேயும் திருப்பப் போனதில்லை. வளவுக்குள்ளேயே ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். பிளேன்டீயைத் தட்டிவிடாத குறையாக வெளியே ஓடினாள். முருகன் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. அவ்வளவுதான். மற்ற பஸ்ஸின் வாசல் படியில் கண்டக்டர் ரிப்கான் உட்கார்ந்து, சுற்றிலும் ஆட்கள் நிற்க, டிக்கட் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நம்ம பஸ்சு எங்க?"

"இதுதான்க்கா நம்மட பஸ்."

"இது இல்ல தம்பி, நம்ம பஸ்சு! முருகன் பஸ்சு!"

ரிப்கான் அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். "அத இண்டையிலிருந்து நமுனுகுலைக்குப் போட்டாச்சே. ஒங்கட ரோட்டு மோசம், பழைய பஸ்ஸால இனி ஏறேலாது எண்டு முதலாளி மாத்திட்டார். அது கோச்சிக்கு நிக்காதுக்கா, நேரத்துக்கு எடுத்துட்டாங்க. போர்டு பாக்கல்லையா?"

"போர்டா?" என்றாள் பாக்கியம், இப்படியொரு சாமானை இப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல.

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்களும் வந்த உடனே முருகனைத்தான் தேடியிருப்பார்கள். பிந்தி வந்ததால் ரிப்கானைக் கேட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். முந்தி வந்ததுதான் பாக்கியம் செய்த குற்றம்.

"சாமான் எதுவும் போட்டீங்களா? பயப்படாதீங்க. வாற ட்ரிப்ல அப்படியே வந்துரும், ஒரு துரும்பும் போகாது."

"சாமானுக்கா தம்பி அழுவுறேன்? இந்தக் கதவத் தொற. நாலு சீட்டு எனக்கு வேணும்."

"கோச்சி வந்தாத்தான் தொறப்பேன். புது சீட்டுக்கா. ஜன்னலால கண்டதையும் எறிய விடவேணாம் எண்டு முதலாளி சொல்லிட்டார். எல்லாரும் ஏறித்தான் போடணும்."

பாக்கியம் கணபதியைத் திரும்பிப் பார்த்தாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஊரில் உண்டு. புருஷனை நம்பிப் பஸ்ஸைக் கைவிட்ட கதையை அவள்தான் எழுதியிருக்கிறாள். போன் பேசலாம் என்றால் அவருடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அது எப்போதும் சார்ஜில்தான் கிடக்கும்.

"நீ பதறாத புள்ள. ஒரு வழி..." என்று கணபதி ஆரம்பிக்கையில் தூரத்தில் ரயில் கூவியது.

இனி யோசிக்க நேரமில்லை. பஸ்ஸுக்கு நிற்பதா, பிளாட்பாரத்துக்குப் போவதா? வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்காவிட்டால் அது ஒரு குற்றம். வரவேற்று நிற்க வைத்துக் கூட்டிப்போனால் அது அதைவிடப் பெரிய குற்றம்.

"நீங்க கதவுகிட்ட நில்லுங்க. தொறந்ததும் முதல் ஆளா ஏறணும். நாலு சீட்டு புடிக்கணும்."

"நான் ஒரு ஆளுதானே புள்ள? ஒடம்ப நாலா வெட்டிப் போடவா?"

"படுங்க! பின் சீட்டுல நீட்டி நிமிந்து படுங்க! வெக்கப்பட்டீங்கன்னா இன்னைக்கு நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

அவள் ஓடினாள். ரயில் வந்து நின்றது. ஜனம் இறங்கியது. பெட்டி, மூட்டை, கைப்பிள்ளை, கோழிக்கூடு என்று எல்லாம் இறங்கி, எல்லாம் ஒரே வாசலை நோக்கி முட்டியது. பாக்கியம் அந்த வெள்ளத்துக்கு எதிராக நீந்தினாள். வட்ட முகம், மூக்குத்தி, பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன்: போனில் பார்த்த படத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நடுப்பெட்டிகளைப் பார்த்தாள். கடைசிப் பெட்டி வரை ஓடினாள். முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கி, அவளைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. கார்ட் கொடியை ஆட்டினார். ரயில் பதுளைக்குப் போய்விட்டது.

வெறும் பிளாட்பாரத்தில் பாக்கியம் நின்றாள். அவர்கள் வரவில்லை. வழியில் போன் எடுத்திருப்பார்கள், இவள் எடுக்கவில்லை. கூப்பிட்டுவிட்டு மதிக்கவில்லை என்று நினைத்து, இடையில் எங்கேயோ இறங்கித் திரும்பிவிட்டார்கள். வேறென்ன? அங்கே லயத்தில் ஒரு பிள்ளை காலையிலேயே தலைக்குக் குளித்து, வடைக்கு அரைத்து வைத்துக்கொண்டு, எதிர்பார்க்காதவள் மாதிரி நடித்துக்கொண்டு எதிர்பார்த்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் போய் என்ன சொல்வது? பஸ் மாறிச் சீட்டுப் போட்டுவிட்டேன் என்றா? மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே தூக்கி நமுனுகுலை பஸ்ஸுக்குள் எறிந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வளவில் புஹாரி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் வெடிக்கிற மாதிரி நிறைந்திருந்தது. மிதிபலகையில் ஒற்றைக் காலில் கணபதி தொங்கிக்கொண்டிருந்தார். சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம்.

"எத்தன சீட்டு?" என்று கேட்டாள், இனி அதனால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டே.

"இடிச்சுத் தள்ளிப்புட்டாங்க புள்ள. படுக்க எங்க விட்டாங்க? நிக்கவே விடல."

அப்போது நடு ஜன்னலிலிருந்து வளையல் போட்ட ஒரு கை வெளியே வந்து பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டியது. "இந்தாங்க! பாக்கியலெட்சுமியம்மா தானே? அங்க என்னா பண்றீங்க? சீக்கிரமா ஏறுங்க, இந்தச் சனம் என்னைக் கொன்னுப்புடும்!"

போனில் கேட்ட அதே கணீர்க் குரல்.

பாக்கியம் எப்படி ஏறினாள், யார் காலை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே பார்த்தால், நடுவில் ஒரு இராச்சியமே நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் வட்ட முகமும் மூக்குத்தியுமாகத் தனலெட்சுமி. முன் சீட்டில் அவர் வீட்டுக்காரரும் அஜந்தனும், எங்கேயாவது ஓடிவிடலாமா என்பது போல. பக்கத்து வரிசைச் சீட்டில் தாய்மாமன் உண்மையாகவே படுத்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவர் மாதிரி. தனலெட்சுமிக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கெரியர் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நின்ற சனம் அதை முறைத்துக்கொண்டிருந்தது. முறைத்தார்களே தவிர, ஒருத்தரும் தொடவில்லை.

தனலெட்சுமி கெரியரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "உக்காருங்க. ஏய், நீ எழும்பு, அவங்க வீட்டுக்காரரு உக்காரட்டும்" என்று தம்பியை ஒரு தட்டுத் தட்டினார். தாய்மாமன் மறு பேச்சில்லாமல் எழுந்து, கூச்சத்தோடு வந்த கணபதிக்குப் பாதி இடம் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

"நான் அங்க பிளாட்பாரம் முழுக்கத் தேடினேன்..." என்றாள் பாக்கியம்.

"முன் பெட்டியில வந்தோம். அதுலதான் வெளிய வாரது சுருக்கு. எறங்கினதும் நான் ஆளுகளப் பாக்கல, பஸ்சைத்தான் பாத்தேன். போர்டுல ஸ்பிரிங்வெளின்னு போட்டிருந்திச்சி, ஓடியாந்துட்டோம்."

'போர்டு' என்ற சொல்லைக் கேட்டதும் பாக்கியத்துக்கு ஊசி குத்தியது. என்ன பொய் சொல்லலாம் என்று தேடினாள். பஸ் பழுதாகிவிட்டது என்று சொல்லலாமா? சீட்டே பிடிக்கவில்லை என்று சாதிக்கலாமா?

"நான்... ஒங்களுக்கு எடம்..."

"தெரியும்" என்றார் தனலெட்சுமி. "வாற வழியில தெமோதரையில வச்சி ஒங்களுக்குப் போன் அடிச்சேன். யாரோ முஹ்ஸினான்னு ஒரு புள்ள எடுத்திச்சி. 'இது சீட்டுப் போட்ட ஆள்ட போன். ஆளக் காணல்ல. பஸ் நமுனுகுலைக்குப் போகுது. நீங்க எங்க ஏறப் போறீங்க?'ன்னு கேக்குது! நான் என்னாத்தச் சொல்ல? 'நாங்க ஏறலம்மா, நீங்க உக்காருங்க'ன்னேன். அதுக்கு அந்தப் புள்ள, 'அது எப்படி, போட்ட ஆள் சொல்லோணுமே'ன்னு சொல்லிச்சி. கொடைக்கும் துண்டுக்கும் லீக்ஸுக்கும் எடத்த விட்டுட்டு, அம்புட்டுப் பேரும் நின்னுக்கிட்டே போறாங்களாம்!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். அஜந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பாக்கியத்துக்குப் பஸ்ஸின் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவமானம் பொறுக்காமல் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போன தடவ வந்தவங்க நின்னுக்கிட்டே வந்தாங்க. அதான் வேணாம்னு போயிட்டாங்க. நீங்களாச்சும் உக்காந்து வரணும்னுதான் வெள்ளென வந்து..." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தனலெட்சுமி சிரிப்பை நிறுத்தினார்.

"நின்னுக்கிட்டு வந்ததுக்கா ஒரு பொண்ண வேணாம்பாங்க? ஒங்களுக்கு அது தெரியாதா?" என்றார், குரலைத் தணித்து. "லயத்தப் பாத்துட்டுப் போயிருப்பாங்க. எங்க மூத்தவளையும் அப்பிடித்தான் ரெண்டு எடத்துல பாத்துட்டுப் போனாங்க. இப்ப கடை இருக்கு, டவுன்ல வீடு இருக்கு. ஆனா நான் பொறந்தது லயந்தான், இந்த அஜந்தன் பொறந்ததும் லயந்தான். இங்க எதப் பாத்து நாங்க மூஞ்சியச் சுளிக்க?"

சுதர்ஷினி சொன்னதே சரி என்று பாக்கியம் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அது வலித்தது. வலித்தாலும், பல நாளாக இறுக்கிப் பிடித்திருந்த எதையோ விட்ட மாதிரி இலேசாகவும் இருந்தது.

பஸ் டவுனைக் கடந்து ஏற்றத்தைப் பிடித்தது. ஆட்டம் ஆரம்பித்தது. பாக்கியம் சீட்டின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழும்பிவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க சம்பந்தி" என்றார் தனலெட்சுமி. "ஒங்களுக்குன்னுதான் புடிச்சி வச்சேன்."

பெண்ணை இன்னும் பார்க்கவில்லை. தட்டு வரவில்லை, தேத்தண்ணி வரவில்லை. அதற்குள் சம்பந்தியாம். நின்றுகொண்டிருந்த லயத்துக்காரிகள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியம் மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். ஊருக்கே சீட்டுப் பிடித்தவளுக்கு, யாரோ பிடித்து வைத்த சீட்டில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"போன் இல்லையே ஒங்ககிட்ட. புள்ள பயந்துக்கிட்டு இருக்கும். நம்பர் சொல்லுங்க" என்று தனலெட்சுமி தன் போனை எடுத்து, அடித்து, அவள் கையில் கொடுத்தார். பாக்கியம், "ஹலோ" என்றாள்.

"அம்மா? ஒன் போன யாரோ எடுத்து என்னென்னமோ சொல்றாங்க! எங்க இருக்க? வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. பஸ்சுலதான் வாரோம்."

"அவங்களுக்கு சீட்டு கெடச்சிச்சா?"

"எல்லாருக்கும் கெடச்சிச்சி. நானும் உக்காந்துதான் வாரேன்."

"நீயா? உக்காந்தா?" என்று கேட்டாள் சுதர்ஷினி. பிறகு, குரல் இறங்கி, "எப்பிடிம்மா இருக்காங்க?" என்றாள்.

போன தடவை இதே கேள்விக்குப் பாக்கியம் சொன்ன பதில் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'ஒனக்கு எதுக்கு அது? மொகத்தக் கழுவிட்டு நில்லு, அவங்களுக்குப் புடிச்சா போதும்.' பக்கத்தில் தனலெட்சுமியின் தோள் இடித்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில் அஜந்தனின் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. பேசினால் எல்லோருக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்:

"எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா கட்டிக்கப்போறது நீதானே? வரட்டும், நல்லா பாரு, பேசிப் பாரு. ஒனக்குப் புடிக்கலன்னா வேணாம்னு சொல்லு. நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். தனலெட்சுமி வாங்கிக்கொண்டு, முன் சீட்டில் மகனின் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"கேட்டுக்கிட்டியாடா? ஒழுங்கா தலையச் சீவு."